முரசு (பல் ஈறு) கரைந்த இடத்தில் எலும்பு திரும்ப வளருமா?

கோண்டாவிலிலிருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார். அம்மாவுக்கு 56 வயது. சலரோகம் உண்டு, வெற்றிலையோடு புகையிலையும் போடுவார். கீழ்க் கடைவாயில் வலப்பக்கப் பல் ஒன்றில், ஒரு பக்கத்தில் மட்டும் முரசுக்கும் பல்லுக்கும் நடுவே 7 மி.மீ. ஆழத்துக்குப் பை விழுந்திருக்கிறது. எக்ஸ்ரேயில் அந்த இடத்து எலும்பு குழியாகத் தெரிகிறதாம். இடப்பக்கப் பல்லிலோ எலும்பு சுற்றிவர ஒரே மட்டமாக இறங்கியிருக்கிறது. "துப்புரவாக்கிப் பார்த்துவிட்டு, தேவையென்றால் எலும்புப் பொடி வைக்கலாம்" என்று பல் வைத்தியர் சொல்லியிருக்கிறார். ரொறன்ரோவிலிருக்கும் மாமா, "ரெண்டையும் கழட்டிப்போட்டு இம்பிளான்ற் வையுங்கோ" என்கிறார், தாடை எலும்பில் பதிக்கும் செயற்கைப் பல்வேர் அது. பக்கத்து வீட்டு அன்ரி கல்சியம் குளிசை குடிக்கச் சொல்கிறார். அம்மா கேட்பது ஒன்றே ஒன்று: "அது மாட்டெலும்போ?"

நேரான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். வலப்பக்கப் பல்லில் இழந்த எலும்பில் ஒரு பங்கு திரும்ப வளர நல்ல வாய்ப்பு இருக்கிறது. இடப்பக்கப் பல்லுக்கு அந்த வாய்ப்பு இல்லை. எவ்வளவு விலை கொடுத்து எந்தப் பொடியை வாங்கி வைத்தாலும் இல்லை. அந்தப் பல்லை இருக்கிற எலும்போடு காப்பாற்றலாம், அது வேறு வேலை. ஒரே வாய், ஒரே நோய், ஒரே வைத்தியர், ஆனாலும் இரண்டு பல்லுக்கும் இரண்டு பதில். இந்த வேறுபாட்டைத் தீர்மானிப்பது குழியின் வடிவம். என்னிடம் வருகிறவர்களில் பெரும்பாலோர் எந்தப் பொடி திறம் என்று கேட்கிறார்கள். குழி எப்படி இருக்கிறது என்று கேட்கிறவர்கள் மிகக் குறைவு. அதனால்தான் நீட்டி எழுதுகிறேன்.

பல், எலும்புக்குள் நேரே இறுகி நிற்பதில்லை. வேரின் மேல் சீமெந்து என்று நாங்கள் சொல்லும் மெல்லிய படை ஒன்று இருக்கிறது. அதற்கும் எலும்புக்கும் இடையில் ஏறக்குறைய 0.2 மி.மீ. அகல இடைவெளி. அந்த இடைவெளி முழுக்க நார்கள். நாரின் ஒரு முனை சீமெந்துக்குள்ளும் மறு முனை எலும்புக்குள்ளும் பதிந்திருக்கும். கடிக்கும்போது பல் துளியளவு அசைந்து கொடுப்பதும், சோற்றில் கல் கடிபட்டால் உடனே தெரிவதும் இந்த நார்களால்தான். ஆகவே இழந்ததைத் திரும்பப் பெறுவது என்றால் எலும்பு, நார், சீமெந்து மூன்றும் சேர்ந்து வரவேண்டும். எலும்பு மட்டும் வந்து வேரோடு நேரே ஒட்டிக்கொண்டால், காலப்போக்கில் உடல் அந்த வேரையும் எலும்பென்று எண்ணிக் கரைக்கத் தொடங்கும். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

ஆரோக்கியமான வாயில் எலும்பின் விளிம்பு, பல்லின் எனாமல் முடியும் இடத்திலிருந்து 1 முதல் 2 மி.மீ. கீழே இருக்கும். முரசுக்கும் பல்லுக்கும் நடுவே அளவுகோலை விட்டால் 1 முதல் 3 மி.மீ. போகும். பல்லோரத்தில் பற்றீரியாப் படலம் நாட்கணக்காக, மாதக்கணக்காகத் தங்கினால் உடலின் நிர்ப்பீடனம் அங்கே ஓயாமல் வேலை செய்யத் தொடங்குகிறது. பற்றீரியா எலும்பைத் தின்பதில்லை. நீண்டு போன அழற்சியில் நம் உடலே வெளிவிடும் பொருட்கள், எலும்பைக் கரைக்கும் கலங்களைத் தூண்டிவிடுகின்றன. எலும்பு பின்வாங்குகிறது, முரசு பல்லைவிட்டுக் கழன்று பை ஆகிறது, அந்தப் பைக்குள் பிரஷ் போகாது, படலம் இன்னும் ஆழமாகக் குடியேறுகிறது.

இந்த வழியில் கல்சியக் குறைபாடு எங்கேயும் வரவில்லை என்பதைப் பாருங்கள். அன்ரி அன்போடுதான் சொல்கிறார், ஆனால் கல்சியம் குளிசையால் பல்லோர எலும்பு வளராது. வேறொரு காரணத்துக்காக வைத்தியர் எழுதிக் கொடுத்திருந்தால் குடிக்கட்டும். இதோடு இன்னொன்று. எங்கள் யாழ்ப்பாணக் குடாநாடு சுண்ணாம்புக்கல் நிலம், கிணற்றுத் தண்ணீர் கடினமானது, அதனால்தான் பல்லில் கல் பிடிக்கிறது என்ற பேச்சு ஊர் முழுக்க உண்டு. பல்லுக்கல்லுக்கான கனிமம் உமிழ்நீரிலிருந்தும், முரசோரம் கசியும் நீரிலிருந்தும் வருகிறது. கேத்திலுக்குள் படியும் கல்லையும் பல்லில் படியும் கல்லையும் ஒன்றாக்கித் தண்ணீரைக் குற்றம் சொல்ல வேண்டாம்.

"எல்லாரும் ஒரே மாதிரித்தான் பல் தீட்டுகிறோம், அம்மாவுக்கு மட்டும் ஏன்?" என்ற கேள்வி உங்கள் மடலில் மறைந்திருக்கிறது. அதற்கான பதில் இலங்கையிலிருந்தே கிடைத்தது. ஹரால்ட் லோ என்ற நோர்வே ஆய்வாளரும் அவருடைய குழுவும் 1970 இல் மலையகத் தேயிலைத் தோட்டங்களில் 480 ஆண் தொழிலாளர்களின் வாய்களைப் பரிசோதித்தார்கள். 15 ஆண்டுகள் தொடர்ந்து திரும்பத் திரும்பப் பார்த்தார்கள். அந்தத் தொழிலாளர்களுக்குப் பல் வைத்தியம் என்ற ஒன்றே கிடைத்திருக்கவில்லை. எல்லார் பல்லிலும் படலமும் கல்லும் நிறைந்திருந்தன, முரசில் அழற்சியும் இருந்தது. ஆனால் 8 சதவீதம் பேருக்கு நோய் வேகமாக ஓடியது, 81 சதவீதம் பேருக்கு நடுத்தரமாக நகர்ந்தது, 11 சதவீதம் பேருக்கு அழற்சியைத் தாண்டிப் போகவேயில்லை. 1986 இல் இது வெளிவந்தது. கவனிக்காமல் விட்ட முரசு நோய் என்ன செய்யும் என்று இன்று உலகம் முழுவதும் மாணவர்கள் படிப்பது, வைத்தியம் எட்டாத எங்கள் மலையகத்து மக்களின் வாயிலிருந்து கற்றுக்கொண்ட பாடம். வகுப்பில் இதைச் சொல்லும்போதெல்லாம் அந்த மனிதர்களுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம் என்றும் சேர்த்தே சொல்வேன். ஒரே அழுக்குக்கு ஒவ்வொரு உடலும் ஒவ்வொரு விதமாகப் பதில் சொல்கிறது. அம்மாவின் உடலில் சலரோகமும் புகையிலையும் அந்தப் பதிலைக் கடுமையாக்கியிருக்கின்றன.

இனி வளர்ச்சிக்கு வருவோம். பையைத் திறந்து, வேரைச் சுத்தமாக்கி, முரசை மூடித் தைத்துவிட்டால் அந்த இடத்தில் ஒரு ஓட்டப்போட்டி நடக்கிறது. முரசின் மேற்தோல் கலங்கள்தான் எல்லாரையும்விட வேகமாக ஓடுகின்றன. அவை வேரோரமாகக் கீழே இறங்கி ஒட்டிக்கொண்டால் புண் ஆறும், பை குறையும், இரத்தம் நிற்கும். ஆனால் அந்த இடத்தில் நாரும் எலும்பும் வர இடமில்லாமல் போகும். ரொறன்ரோவில் பணியாற்றிய மெல்ச்சர் 1976 இல் இந்த எண்ணத்தை முன்வைத்தார்: வேரின் மேல் முதலில் எந்தக் கலம் வந்து குடியேறுகிறதோ, அதுவே ஆறுதலின் தன்மையைத் தீர்மானிக்கிறது. மூன்றையும் உண்டாக்கும் ஆற்றல் எஞ்சியிருக்கும் நார்ப்பகுதியில் உள்ள கலங்களுக்கு உண்டு. அவை மெதுவாக நகர்பவை.

அப்படியென்றால் மேற்தோலைத் தடுத்து வைத்தால்? சுவீடனில் நைமனும் அவருடைய தோழர்களும் 1982 இல் அதைத்தான் செய்தார்கள். கழற்ற வேண்டியிருந்த ஒரு கீழ் முன்பல்லைத் தெரிந்தெடுத்து, சுத்தமாக்கிய வேருக்கும் முரசுக்கும் நடுவில், ஆய்வுகூடத்தில் வடிகட்டப் பயன்படும் மெல்லிய வடிதாளை வைத்துத் தைத்தார்கள். மூன்று மாதத்தின் பின் எடுத்து நுணுக்குக்காட்டியில் பார்த்தபோது, வேரின் மேல் புதிய சீமெந்தும் அதற்குள் பதிந்த புதிய நார்களும் இருந்தன. பொடி எதுவும் வைக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். வழியை மறித்தார்கள், நேரம் கொடுத்தார்கள், மிச்சத்தை உடல் செய்தது. இந்தத் துறையில் இதற்குப் பின் வந்த எல்லாப் பொருட்களும் இந்த ஒரு பல்லின் விளக்கவுரை என்றே நான் நினைக்கிறேன்.

ஆக, உயிர்ப்பொருள் என்று நாங்கள் சொல்லும் பொடியோ, மேற்தோலைத் தடுக்கும் படலமோ செய்யக்கூடியது என்ன? பாகல் கொடிக்குப் பந்தல் போடுகிறோமே, அந்த வேலை. பந்தல் காய்க்காது. கொடி இருந்தால், ஏறுவதற்கு இடம் கொடுக்கும். குழிக்குள் நிறையும் இரத்தக்கட்டி கலையாமல் இருக்கவேண்டும், முரசு குழிக்குள் சரிந்து விழாமல் இருக்கவேண்டும், புதிய இரத்தக்குழாய்களும் எலும்பைக் கட்டும் கலங்களும் உள்ளே நுழைய நுண்துளைகள் இருக்கவேண்டும். எலும்பு உள்ளே வளர்வதற்கு அந்தத் துளைகள் குறைந்தது 100 மைக்ரோமீற்றர் அகலமாவது வேண்டும், 300 ஐ ஒட்டி இருந்தால் இன்னும் நல்லது.

கொடி எங்கேயிருந்து வரும்? குழியின் சுவர்களிலிருந்து. வலப்பக்கப் பல்லின் குழிக்கு மூன்று பக்கம் எலும்புச் சுவர், நாலாவது பக்கம் வேர் என்று வைத்துக்கொள்வோம். மூன்று சுவரிலிருந்தும் இரத்தமும் கலங்களும் வரும், பொடி சிதறாது, கட்டி அசையாது. சுவர் இரண்டானால் வாய்ப்புக் குறையும். ஒன்றானால் மிகவும் குறையும். குழி ஒடுக்கமாகவும் ஆழமாகவும் இருந்தால் நல்லது, அகன்று ஆழமில்லாமல் இருந்தால் நல்லதல்ல. கேட்கும்போது தலைகீழாகத் தோன்றும், ஆனால் உண்மை அதுதான். இடப்பக்கப் பல்லில் எலும்பு ஒரே மட்டமாக இறங்கியிருக்கிறது. அங்கே சுவரே கிடையாது. பொடியை வைத்தால் தாங்கிப் பிடிக்க ஒன்றுமில்லை, கலங்கள் வர வழியுமில்லை. 2020 இல் வெளியான ஐரோப்பிய வழிகாட்டியும், துப்புரவாக்கிய பின்னும் 6 மி.மீ. அல்லது அதற்கு மேல் பை மிஞ்சி, எலும்புக்குள் குழி 3 மி.மீ. அல்லது அதற்கு மேல் இருந்தால்தான் இந்த மீள்வளர்ப்புச் சத்திரசிகிச்சையைச் செய்யச் சொல்கிறது.

கடைவாய்ப் பல் என்பதால் இன்னுமொன்று கேட்டு வையுங்கள். அதற்கு இரண்டு வேர். வேர்கள் பிரியும் கவட்டுக்குள் எலும்பு கரைந்திருக்கிறதா? ஒரு பக்கத்திலிருந்து கொஞ்சம் உள்ளே போயிருந்தால், கீழ்க் கடைவாய்ப் பல்லில் மீள்வளர்ப்பு ஓரளவு கைகொடுக்கும். ஒரு பக்கத்தால் விட்ட கருவி மறுபக்கத்தால் வந்தால், வளரும் என்று யார் சொன்னாலும் நம்ப வேண்டாம்.

இப்போது பொருட்கள். பழையதும் இன்றுவரை மதிப்பிழக்காததும் சொந்த எலும்பு. தாடையின் பின்புறத்திலிருந்தோ நாடியிலிருந்தோ கொஞ்சம் சுரண்டி எடுத்து வைப்பார்கள். உயிருள்ள கலங்கள் அதில் இருக்கின்றன. இன்னொரு இடத்தில் புண் படுத்த வேண்டும், கிடைப்பதும் கொஞ்சம்தான். அடுத்தது இறந்தவர்கள் தானம் செய்த மனித எலும்பு, உறைய வைத்து உலர்த்தியது. அதிலே கனிமத்தை நீக்கிய வகைக்கு ஒரு சிறப்பு உண்டு. மார்ஷல் யூரிஸ்ட் என்ற அமெரிக்கச் சத்திரசிகிச்சை நிபுணர் 1965 இல், கனிமம் நீக்கிய எலும்பைத் தசைக்குள் வைத்தால் அங்கேயே புது எலும்பு உண்டாகிறது என்று காட்டினார். எலும்புக்குள் ஒளிந்திருந்த புரதங்களே அதைச் செய்தன. ஆனால் கடையில் வாங்கும் குப்பிக்குள் அந்தப் புரதம் எவ்வளவு உயிர்ப்போடு இருக்கிறது என்பது, தந்தவரின் வயதையும் பதப்படுத்திய விதத்தையும் பொறுத்து மாறும்.

மூன்றாவதுதான் அம்மா கேட்டது. ஆம், பல் வைத்தியத்தில் உலகெங்கும் அதிகம் பயன்படும் பொடிகளில் ஒன்று மாட்டெலும்பிலிருந்து செய்யப்படுகிறது. சுவிஸ் தயாரிப்பான பயோ-ஒஸ் அதில் பெயர் பெற்றது. சூடாக்கியும் இரசாயனங்களால் கழுவியும் புரதம், கொழுப்பு எல்லாவற்றையும் நீக்கிவிடுவார்கள். எஞ்சுவது கல்சியமும் பொஸ்பேற்றும் சேர்ந்த கனிமம் மட்டும், எலும்பின் நுண்துளை அமைப்பு அப்படியே இருக்கும். மனித எலும்போடு அது மிக நெருக்கமாக ஒத்துப்போகிறது, வைத்தியர்கள் விரும்புவதற்குக் காரணம் அதுதான். மெதுவாகக் கரையும் என்பது அதன் பலம், சில வேளை பலவீனமும் அதுவே. ஆண்டுகள் பல கழித்துப் பார்த்தாலும் புதிய எலும்புக்குள் பழைய துகள்கள் இருக்கும்.

அதில் இறைச்சி இல்லை, புரதமோ கொழுப்போ இல்லை, வெறும் கனிமம் என்று அம்மாவைச் சமாதானப்படுத்திவிடலாம். நான் அப்படிச் செய்யமாட்டேன். பசுவை வணங்கும் வீட்டில் வளர்ந்த ஒரு சைவப் பெண்ணுக்கு அது எங்கிருந்து வந்தது என்பதே கேள்வி, அதில் என்ன மிஞ்சியிருக்கிறது என்பதல்ல. அது அவருடைய வாய், அவருடைய முடிவு. பொடியை வைத்து மூடிவிட்டுப் பிறகு சொல்வது பெரும் தவறு. அதேபோல, பொடியின் மேல் போடும், கொலாஜன் என்ற புரதத்தால் ஆன தடுப்புப் படலங்கள் பல பன்றியிலிருந்து வருபவை. எம்டோகெயின் என்ற களியும் பன்றிக்குட்டியின் முளைக்கும் பற்களிலிருந்து எடுப்பது. முஸ்லிம் குடும்பங்களுக்கும் இதைக் கேட்காமலே சொல்லவேண்டும். உங்கள் வைத்தியரிடம் பெட்டியைக் காட்டச் சொல்லுங்கள், மூலம் எதுவென்று அதிலே எழுதியிருக்கும். கேட்டால் அவர் கோபிக்கமாட்டார், கோபித்தால் வேறு இடம் பாருங்கள்.

விலங்கு வேண்டாம் என்றால் வழி இருக்கிறது. செயற்கையாகச் செய்த கல்சியம் பொஸ்பேற்றுகள் இரண்டு முக்கியம். ஹைட்ரொக்சிஅபடைற் எலும்பின் சொந்தக் கனிமத்தோடு ஒத்தது, மிக மெதுவாகவே கரையும். பீற்றா-ட்ரைகல்சியம் பொஸ்பேற்று ஏறக்குறைய 6 முதல் 18 மாதத்தில் கரைந்து இடம் விடும். ஒன்று அசையாமல் நிற்கிறது, மற்றது வளர்ச்சிக்கு வழிவிடுகிறது. இரண்டையும் ஒரு விகிதத்தில் கலந்தும் விற்கிறார்கள், எனக்கு அந்தக் கலவை பிடிக்கும். பிறகு உயிர்க்கண்ணாடி. அமெரிக்காவில் லாரி ஹென்ச் என்ற, கண்ணாடி போன்ற பொருட்களின் இயல்பை ஆராயும் விஞ்ஞானி, வியட்நாமிலிருந்து திரும்பிய இராணுவ அதிகாரி ஒருவரை 1967 இல் பேருந்தில் சந்தித்தார். உடல் வெளியே தள்ளாத பொருள் ஒன்றைச் செய்ய முடியாதா, கைகால் இழக்கும் வீரர்களுக்கு உதவுமே என்று அந்த அதிகாரி கேட்டார். 1969 இல் ஹென்ச் செய்த கண்ணாடியில் சிலிக்கா 45 சதவீதம், சோடியம் ஒக்சைட்டும் கல்சியம் ஒக்சைட்டும் 24.5 சதவீதம் வீதம், பொஸ்பரஸ் ஒக்சைட் 6 சதவீதம். எலியின் எலும்பில் வைத்த துண்டைப் பின்னர் பிடுங்க முடியவில்லை, எலும்போடு ஒன்றிவிட்டிருந்தது. உடல் நீர் பட்டதும் அந்தக் கண்ணாடியின் மேற்பரப்பு கரைந்து, எலும்பின் கனிமம் போன்ற படை ஒன்று அதன் மேல் தானாகப் படிகிறது. அழகான வேதியியல். ஆனால் உண்மையைச் சொல்லவேண்டும்: பல்லோரக் குழியில் உயிர்க்கண்ணாடி குழியை நிரப்புவது நன்றாகத் தெரிகிறது, புதிய சீமெந்தும் நாரும் வந்தன என்பதற்கான நுணுக்குக்காட்டிச் சான்று மிகவும் மெலிது.

அந்தச் சான்று வலுவாக உள்ளது முன்பு சொன்ன எம்டோகெயினுக்கும் தடுப்புப் படலத்துக்கும்தான். எம்டோகெயின் எனாமல் உருவாகும்போது சுரக்கும் புரதங்களின் களி. பல் முளைக்கும் காலத்தில் வேரின் மேல் சீமெந்து உண்டாவதில் இந்தப் புரதங்களுக்குப் பங்கு உண்டு என்ற எண்ணத்திலிருந்து சுவீடனில் பிறந்தது. ஒடுங்கிய, சுவர் நிறைந்த குழிக்கு அது தனியாகவே போதும். அகன்ற குழிக்குப் பொடியோடு சேர்த்து வைப்பார்கள்.

அம்மாவின் சொந்த இரத்தத்திலிருந்து செய்வதும் உண்டு, பி.ஆர்.எஃப். என்பார்கள். பிரான்சில் ஜோசப் சுக்ருன் 2001 இல் அறிமுகப்படுத்தியது. கையிலிருந்து இரத்தம் எடுத்து, உறையாமல் தடுக்கும் மருந்து எதுவும் சேர்க்காமல், உடனே சுழல்கருவியில் பத்துப் பன்னிரண்டு நிமிடம் சுற்றினால், நடுவில் வெண்மஞ்சள் நிறத்தில் ஜெலி போல ஒரு கட்டி நிற்கும். இரத்தம் உறையும்போது உண்டாகும் பைபிரின் நாரும் குருதிச் சிறுதட்டுகளும் வெண்குழியங்களும் அதில் இருக்கும். அதைப் பொடியோடு கலக்கலாம், நசுக்கிப் படலமாகவும் போடலாம். சும்மா திறந்து சுத்தம் செய்வதைவிட இதையும் சேர்த்தால் பலன் கூடுகிறது என்று பல ஆய்வுகள் காட்டுகின்றன. செலவு குறைவு, மாடும் இல்லை, பன்றியும் இல்லை. யாழ்ப்பாணத்துச் சூழலுக்குச் செயற்கைப் பொடியோடு பி.ஆர்.எஃப். என்பது பொருத்தமான சேர்க்கை என்பது என் கருத்து. அதிசயம் செய்யும் "ஸ்டெம் செல் சிகிச்சை" என்று யாராவது அதற்குப் பெயர் சூட்டி விலையை ஏற்றினால் எழுந்து வந்துவிடுங்கள்.

கலங்களை வளரத் தூண்டும் புரதங்களான வளர்ச்சிக் காரணிகளும் இருக்கின்றன. ஒன்றை பீற்றா-ட்ரைகல்சியம் பொஸ்பேற்றில் தோய்த்து வைக்க அமெரிக்கா 2005 இல் அனுமதித்தது. ஜப்பான் 2016 இல் வேறொன்றை அனுமதித்தது. யூரிஸ்ட் தேடிய எலும்புப் புரதத்தை இன்று செயற்கையாக உருவாக்கித் தாடை எலும்பைப் பெருக்கப் பயன்படுத்துகிறார்கள். இருந்தும் பல்லோரக் குழிக்குள் அதை வைக்கத் தயங்குகிறோம். எலும்பை வேகமாக வளர்த்து வேரோடு நேரே ஒட்டவைத்துவிடும் என்ற அச்சம் விலங்கு ஆய்வுகளில் எழுந்தது. நார் இல்லாத எலும்பு பல்லுக்கு நன்மை இல்லை என்று முதலில் சொன்னேனே, அது இதற்காகத்தான்.

எவ்வளவு கிடைக்கும்? மில்லிமீற்றரில்தான் பேசவேண்டும். முரசைத் திறந்து நன்றாகச் சுத்தம் செய்து மூடினாலே பல்லின் பிடிப்பு ஓரளவு திரும்பும். அதற்கு மேல் மீள்வளர்ப்பு முறைகள் சராசரியாகத் தருவது 1 முதல் 1.5 மி.மீ. மேலதிகப் பிடிப்பு. கேட்கச் சிறிதாக இருக்கும். 7 மி.மீ. பை 4 மி.மீ. ஆனால், அந்த இடத்தை அம்மாவே இடைவெளி பிரஷால் சுத்தமாக வைத்திருக்க முடியும். பல்லின் ஆயுளுக்கு அந்த மூன்று மி.மீ. பெரிய விஷயம்.

இதிலே ஒரு எச்சரிக்கை. சத்திரசிகிச்சை முடிந்த மறுநாளே எக்ஸ்ரே எடுத்தாலும் குழி இருந்த இடம் வெள்ளையாகத்தான் தெரியும், ஏனென்றால் பொடியே வெள்ளையாகத் தெரியும் கனிமம். அதைக் காட்டி "எலும்பு வளர்ந்துவிட்டது" என்று சொன்னால் நம்ப வேண்டாம். ஆறு மாதத்துக்கு முன் அந்த இடத்தில் அளவுகோல் விடவும் கூடாது. ஒரு வருடத்தின் பின் பை எவ்வளவு, இரத்தம் வருகிறதா, பல் ஆடுகிறதா, எக்ஸ்ரேயில் துகள்களுக்கு நடுவே எலும்பின் அமைப்புத் தெரிகிறதா என்று எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்துத்தான் தீர்ப்புச் சொல்ல முடியும்.

உங்கள் வைத்தியர் முதலில் துப்புரவாக்கிப் பார்க்கலாம் என்றது நூற்றுக்கு நூறு சரி. கல்லும் படலமும் வேரோரமாக எடுத்த பின் சுமார் மூன்று மாதம் விட்டு மறுபடி அளக்கவேண்டும். பல பைகள் அதிலேயே சுருங்கிவிடும், சத்திரசிகிச்சை தேவையே வராது. அந்த மூன்று மாதத்தில் வீட்டில் இரண்டு வேலை இருக்கிறது.

ஒன்று சீனி. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்.பி.ஏ.1சி பரிசோதனை 7 ஐ ஒட்டியோ கீழேயோ வரட்டும். சீனி ஏறியிருந்தால் புண் ஆறாது, கிருமி பிடிக்கும், வைத்த பொடி வெளியே வரும். மறுபக்கமும் உண்மை: முரசைக் குணமாக்கினால் மூன்று நாலு மாதத்தில் அந்த அளவு சராசரியாக 0.4 அளவில் இறங்குகிறது. ஆகையால் சலரோகக் கிளினிக்கிலும் முரசு நோய் இருப்பதைச் சொல்லுங்கள்.

மற்றது புகையிலை. எங்கள் மண்ணில் விளைந்து எங்கள் மண்ணுக்குச் சோறு போட்ட பயிர் என்று எனக்கும் தெரியும். ஆனால் அது இரத்த ஓட்டத்தைச் சுருக்குகிறது, ஆறுதலைக் கெடுக்கிறது. புகைப்பவர்களிடம் மீள்வளர்ப்புப் பலன் குறைவு என்பது உறுதியான செய்தி. மெல்லும் புகையிலையும் பாக்கும் அதே குழிக்குப் பக்கத்திலேயே நாள் முழுக்கக் கிடக்கின்றன. இரண்டையும் புற்றுநோய்க் காரணிகள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு வகைப்படுத்தியிருக்கிறது. அம்மா இதை விடாவிட்டால் பொடிக்குக் காசு செலவழிக்க நான் சம்மதிக்கமாட்டேன். கடுமையாகத் தோன்றினால் மன்னியுங்கள். வாயில் வெள்ளையாகவோ சிவப்பாகவோ ஆறாத தடம் இருக்கிறதா என்று அதே நாளில் பார்க்கச் சொல்லுங்கள், பல்லைவிட அது அவசரம்.

மாமாவின் யோசனை. இம்பிளான்ற் நல்ல வைத்தியம்தான், பல் இல்லாத இடத்துக்கு. இருக்கிற பல்லை அதற்காகக் கழற்றுவது வேறு. கழற்றிய இடத்தில் முதல் ஒரு வருடத்தில் எலும்பின் அகலம் பாதியளவு சுருங்கும். இம்பிளான்றுக்கு நார் கிடையாது. அதைச் சுற்றியும் இதே அழற்சி வந்து இதே மாதிரி எலும்பு கரையும், முரசு நோய் வந்த வாயில் அந்த ஆபத்து அதிகம். இத்தாலியில் கோர்த்தெலினி குழுவினர், நம்பிக்கையில்லை என்று தள்ளப்பட்ட பற்கள் 25 ஐ மீள்வளர்ப்பால் காப்பாற்ற முயன்றார்கள். ஐந்து வருடத்தில் 92 சதவீதம், பத்து வருடத்தில் 88 சதவீதம் வாயில் வேலை செய்துகொண்டிருந்தன. கைதேர்ந்தவர்கள் செய்தது, நோயாளிகளும் ஒழுங்காகத் திரும்பி வந்தவர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். இருந்தும், இரண்டு பல்லையும் இப்போதே கழற்ற எந்த அவசரமும் இல்லை.

புதிய ஆராய்ச்சிகளைப் பற்றியும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். நண்டு, இறால் ஓட்டிலிருந்து எடுக்கும் கைற்றோசான் என்ற பொருளைப் படலமாக்கிப் பார்க்கிறார்கள். எங்கள் கடலேரியில் கிடைக்கும் ஓடுகளை நினைத்தால் ஆசையாகத்தான் இருக்கிறது, ஆனால் அது இன்னும் ஆய்வுகூடத்தையும் சிறு ஆய்வுகளையும் தாண்டவில்லை. ஜப்பானில் நோயாளியின் சொந்த நார்க்கலங்களை மெல்லிய தாள்களாக வளர்த்து, வேரின் மேல் ஒட்டி 10 பேரில் பார்த்ததை 2018 இல் வெளியிட்டார்கள். என்னை மிகவும் ஈர்த்த வேலை அதுதான், வரவேண்டிய கலத்தையே நேரே கொண்டுபோய் வைக்கிறார்கள். குழியின் வடிவத்துக்கே முப்பரிமாணத்தில் அச்சிட்ட பந்தல் ஒன்றை ஒரு நோயாளிக்கு வைத்து 2015 இல் எழுதினார்கள். ஒரு வருடம் நன்றாக இருந்தது, 13 ஆம் மாதம் முரசு விலகிப் பொருள் வெளியே தெரிந்தது, எடுக்க வேண்டியதாயிற்று. தோல்வியை ஒளிக்காமல் எழுதினார்களே, அதனால் பின்னால் வருபவர்களுக்கு எவ்வளவு உதவி.

மூன்று மாதம் கழித்து மறுபடி அளந்தபின் வலப்பக்கப் பையில் 6 மி.மீ. மிஞ்சினால், யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிப் பற்சிகிச்சைப் பிரிவில் காட்டி, சத்திரசிகிச்சை இங்கேயே முடியுமா, பேராதனைப் பல் வைத்தியசாலைக்கு அனுப்புவார்களா என்று கேளுங்கள். எக்ஸ்ரேயையும் பை அளந்த தாளையும் கையோடு கொண்டுபோங்கள். அம்மா இரத்தம் கட்டியாகாமலிருக்க அஸ்பிரினோ குளோபிடோகிரெலோ குடிப்பவரென்றால் தானாக நிறுத்தக்கூடாது, வைத்தியரிடம் சொன்னால் போதும். எலும்புத் தேய்வுக்கு வாரம் ஒரு முறை குடிக்கும் அலென்றோனேற் போன்ற குளிசை எடுக்கிறார் என்றால் அதைக் கட்டாயம் முதலிலேயே சொல்லவேண்டும், தாடை எலும்பு ஆறுவதில் அது குறுக்கிடக்கூடும். சத்திரசிகிச்சைக்குப் பின் சில வாரம் அந்த இடத்தில் பிரஷ் போடாமல் குளோர்ஹெக்சிடின் நீரால் கொப்பளிக்கச் சொல்வார்கள், உதட்டை இழுத்து இழுத்துத் தையலைப் பார்க்கக் கூடாது. அதன் பிறகு மூன்று மாதத்துக்கு ஒரு தடவை துப்புரவு, இடப்பக்கப் பல்லுக்கும் சேர்த்து. அந்தப் பல்லும் இப்படியே பல வருடம் வேலை செய்யும்.